ஒரே பகலில் கோமுகமா?

கேள்வி: கடல்மட்டத்திலேயே வாழ்ந்து பழகிய நான், கங்கோத்திரியிலிருந்து கோமுகப் பனியாற்றுக்கு ஒரே நாளில் ஏறி இறங்கிவிட முடியுமா?
— ஒரு வாசகர், ஜெகதாப்பட்டினம்

பதில்: அந்தப் பனியே உருகிக் கங்கையாகி வங்கக் கடலை அடையப் பல நாள் எடுத்துக்கொள்ளும்போது, கடற்கரையிலிருந்து புறப்படும் தங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை அவசரம்? போக 18, வர 18 கிலோமீட்டர் என்னும் அவ்வழியை, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் பிராணவாயு குறைந்த காற்றுக்குச் சரீரம் பழகுமுன் ஒரே பகலில் கடக்கத் துணியாமல், கங்கோத்திரியில் ஓரிரு நாள் தங்கி, அனுமதிச் சீட்டும் பெற்று, வழியிலுள்ள போஜ்பாசாவில் இரவைக் கழித்து, மறுநாள் காலையில் தரிசிப்பதே உசிதம்.

பனிமுகப்பிலிருந்து பாளங்கள் உடைந்து விழுமாதலால் எட்டி நின்றே வணங்குங்கள். ஆண்டுதோறும் பின்வாங்கிவரும் அப்பனியாற்றின் அருகே ஒரு காகிதத்தையும் எறியாமல் திரும்புவதே மெய்யான யாத்திரை.