தாளு வாங்காத மருந்து

வாங்க தொர. முதுகுல டேங்க்கோட வெங்காயக் காட்டுக்குள்ளார நிக்கறதப் பாத்தா படையெடுத்து வந்தாப்பல இருக்குது. காத்தாலருந்து ஆறு டேங்க் அடிச்சாச்சாக்கும்? நல்லது சாமி. உன்ற செருப்புல இனி இலைப்பேனே ஏறாது. மருந்து பூராவும் அதும்மேலதான் கெடக்குது.

கடைக்காரன் போலி மருந்து குடுத்துப்போட்டான்னு அவனத் திட்டாத. குனிஞ்சு ஒரு தாளப் பாரு. சாம்பல் பூசுனாப்பல வெளுப்பா இருக்குதல்லோ? கட்ட வெரல்ல ஒருக்கா தேயி. பாத்தியா, தேச்ச எடம் மட்டும் கரும்பச்சையாப் போச்சு. இப்ப ரெண்டு சொட்டு வுடு. தேய்க்காத எடத்துல முத்தாட்ட உருண்டு ஓடுது, தேச்ச எடத்துல படுத்துக்குது. அது தூசியில்ல கண்ணு, மெழுகு.

ஆரு பூசுனதுன்னா கேக்கற? நீ வெய்யலுக்குப் பயந்து மூஞ்சில களிம்பு அப்பிக்கிட்டு வந்தயே, அந்தாட்ட வெளியிருந்து பூசுனதில்ல. மேந்தோல்ல இருக்கற ஒவ்வொரு செல்லும் சொந்தமா ஆட்டி எடுத்தது. கோயமுத்தூருல அக்ரி படிக்கறாளே உங்கத்தை மவ, அவ திண்ணையில உக்காந்து வெவரமாச் சொன்னா. செல்லுக்குள்ள கணிகம்னு ஒண்ணு இருக்குதாமா. என்ற வாய்க்குச் செக்குன்னாத்தான் வருது. அந்தச் செக்குல கொழுப்பமிலம் ஊறுது, 16 கரியணு, 18 கரியணு கோத்த சங்கிலியா. அங்கிருந்து பக்கத்து மில்லுக்குப் போகுது. ஆமா, செல்லுக்குள்ள மில்லும் உண்டு, சம்பளப் பாக்கிதான் கெடையாது. அங்க ரெண்டு ரெண்டு கரியாச் சேத்துச் சேத்து, 30-க்கும் மேல கூட நீட்டிப்போடுது. நீளம் எச்சாக எச்சாகத் தண்ணி கிட்டவே வராது.

நீட்டாம 16, 18-லயே நின்னதையும் வீணாக்கறதில்ல. அதுங்களக் கொக்கி மாட்டி வலையாப் பின்னி, அதுக்குக் கியூட்டின்னு பேரு வெச்சிருக்கறாங்க. வலைக்குள்ளயும் மெழுகு, வலைக்கு மேலயும் மெழுகு. அம்புட்டும் சேந்த கனம் எவ்வளவுங்கற? ஒரு மில்லிமீட்டர ஆயிரம் கூறாப் போட்டா, பல இலைக்குப் பத்துக் கூறு கூடத் தேறாது. உங்கப்பன் கட்டுன காம்பவுண்டுச் செவுரு ஒம்பது இஞ்சி. ஆடு தாண்டி வந்துருது.

வெளிய கொண்டு வர்றதுதான் நெம்பப் பெரிய சோலி. செல்லுச் செவுரு ஈரம், சரக்கோ எண்ணெய்ப் பசை. நீயாயிருந்தா குழாய் அடச்சுக்கிச்சுன்னு ஆளுக்குப் போன் போட்டிருப்ப. அது சவ்வுல பம்பு கணக்கா ஒரு புரதத்த நிறுத்தி வெளிய தள்ளுது. மேல வந்த மெழுகு ஆருஞ் சொல்லாமத் தானா உருவங் கட்டிக்கும். தாமரையில பொடிப்பொடிக் குழலா நிக்கும், அதனாலதான் சேத்துல இருந்தும் அழுக்கு ஒட்டறதில்ல. ஜெர்மனிக்காரங்க ரெண்டு பேரு, பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும், 1997-ல இத வெவரமா எழுதுனப்பறம் அதப் பாத்துப் பெயிண்டே பண்ணிப்போட்டாங்க. நாம அந்த எலையில சோறு தின்னுட்டு கை கழுவிக்கிட்டோம்.

உன்ற கார் பாலீஷ் டப்பாவுல கார்னாபான்னு போட்டிருந்தா சிரிக்காத, அதும் பிரேசில்ல ஒரு பனையோட ஓலை மெழுகுதான். ஓலைய வெட்டிக் காயவெச்சுத் தட்டி உதுத்து எடுக்கறது.

பூராவும் மூடிக்கிட்டா மூச்சு முட்டுமல்லோ? அதுக்கு இலைத்துளைன்னு வாசல் வுட்டு, ரெண்டு பக்கமும் காவல் செல்லு நிறுத்தியிருக்குது. அது கெடக்கட்டும், உன்ற மருந்துக்கு வா. தண்ணி தன்னத்தானே கட்டிப் புடிச்சு உருண்டை ஆகுது. ஒட்டுப்பசை சேத்தா அந்தப் புடி தளந்து தாளுல பரவும். குப்பியில எழுதியிருக்கற அளவுதான் ஊத்தோணும், தாராளம் காட்டுனயின்னா தாளு கருகும். அந்தக் குப்பி வண்டியிலயே இருக்குது. நீ பாட்டுக் கேட்டுக்கிட்டு எறங்கி வந்துட்ட.

தெக்கால திசு வாழக்கன்னு வந்திருக்குது, பாத்தியா? பாட்டில்ல, ஈரக் காத்துல, ஏசி ரூம்புல வளந்தது. தண்ணி தட்டுப்பாடே தெரியாததால மெழுகு பூசப் படிக்கவேயில்ல. எடுத்த ஒடனே வெய்யல்ல வெச்சா மத்தியானத்துக்குள்ள தலைய தொங்கப் போட்டுரும். அதனால நெழல் வலைக்குள்ள சில வாரம் வெச்சுப் பழக்கித்தான் காட்டுக்கு வுடறாங்க.

என்ன மொறைக்கற? வாழையத்தான் சாமி சொன்னேன். டேங்க்க எறக்கி வெச்சுட்டு வேப்பமரத்தடிக்கு வா, மோரு வெச்சிருக்கறேன். கழுத்தெல்லாம் செவந்து போச்சு உனக்கு.