நடந்து வந்தால் நோயாளி இல்லை

மாரடைப்பு வரட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்கிறது அரசு. நிஜமாகவே பார்த்துக்கொள்ளும். ஆயுஷ்மான் பாரத் அட்டை கையில் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஸ்டென்ட் வைக்கலாம், பைபாஸ் செய்யலாம். ஒரே நிபந்தனை: ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தாக வேண்டும். மாரடைப்பு வராமல் இருக்க தினமும் விழுங்கும் பிரஷர் மாத்திரைக்கு அந்த அட்டையில் ஒரு காசு பெயராது. தூக்கி வந்தால்தான் நோயாளி. நடந்து வந்தால் போய்விட்டு வா.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தானே என்பார்கள். இலவசம்தான். அதற்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறாரே கொத்தனார், அவரிடம் கேளுங்கள் அதன் விலையை.

ஏன் இப்படி? சதி எதுவும் இல்லை. வராத மாரடைப்புக்கு ரிப்பன் வெட்ட முடியாது. கால் எடுக்கப்படாத சர்க்கரை நோயாளியைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தால், அவர் சும்மா ஒரு ஆள் மாதிரிதான் தெரிவார். டயாலிசிஸ் மெஷின் அப்படியா? பளபளக்கும். பக்கத்தில் அமைச்சர் நிற்கலாம். கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். சிறுநீரகம் கெடாமல் காத்ததற்குக் கல்வெட்டு எங்கே நடுவது?

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. இதற்கெல்லாம் தேசியத் திட்டம் இல்லையா என்றால், 2010-லிருந்தே இருக்கிறது. 2023-இல் அதற்குப் பெயர் மாற்றினார்கள். அதே வருடம் கிராமத்து நலவாழ்வு மையங்களுக்கு ‘ஆரோக்கிய மந்திர்’, அதாவது ஆரோக்கியக் கோயில், என்று பெயர் சூட்டினார்கள். இனி ஆண்டவன் விட்ட வழி என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. பணம்? நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும், 2025-க்குள் அதை எட்டுவோம் என்றது 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை. அரசின் சொந்தக் கணக்குப்படி 2021-22-இல் எட்டியது 1.84. பெயர்ப் பலகைகள் மட்டும் குறித்த காலத்தில் மாறின.

கஜானா காலி என்று கையை விரிக்கிறார்களே, கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனி ஐ.டி.சி. அதில் எல்.ஐ.சி.க்குச் சுமார் 15 சதவீதப் பங்கு. நாம் செத்தால் வீட்டுக்குப் பணம் தருகிறேன் என்று நம்மிடம் பிரீமியம் வசூலிக்கும் அரசு நிறுவனம், நம்மைச் சாகடிக்கும் சரக்கில் லாபப் பங்கு வாங்குகிறது. சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருக்க வேண்டும் என்பது விதி. 85 சதவீதம் எச்சரிக்கை, 15 சதவீதம் எல்.ஐ.சி. கணக்கு சரியாக நூறு.

பீடியின் கதை இன்னும் ருசி. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவெடுத்தது. பீடி சுற்றும் பெண்களுக்காகத்தான் என்று நியாயம் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பெண்களின் கூலி எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும்.

அதே செப்டம்பரில், நியூயார்க்கில், சர்க்கரை, மாரடைப்பு போன்ற தொற்றா நோய்களைப் பற்றி ஐ.நா.வின் நான்காவது உயர்மட்டக் கூட்டம். தீர்மானத்தின் முதல் வரைவில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி என்று இருந்தது. திருத்தத் திருத்த அது கரைந்து காணாமல் போனது. சர்க்கரை கரைவது இயல்புதானே. தண்ணீர் கலந்த அந்தத் தீர்மானத்தைக்கூட அமெரிக்கா ஏற்கவில்லை. இத்தனைக்கும் கேட்டது பெரிய தொகையா? ஏழை, கீழ் நடுத்தர வருமான நாடுகளில் தலைக்கு வருடம் 84 சென்ட் கூடுதலாகச் செலவிட்டால் 2030-க்குள் சுமார் 70 லட்சம் உயிர்களைக் காப்பாற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது. ஒரு டாலருக்கும் குறைவு. அதைத் தருவது யார் என்று முடிவு செய்யத்தான் விமானம் ஏறிப் போய் விடிய விடியப் பேசுகிறார்கள்.

டெல்லியையும் நியூயார்க்கையும் திட்டினால் சென்னைக்குச் சிரிப்பு வரும். வேண்டாம். 2024-25-இல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அந்த ஆண்டு பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 20,198 கோடி. கல்லீரல் கட்டிய கப்பத்தில் பாதிகூட ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020-இல் எடுத்த ஆய்வில், தமிழ்நாட்டின் ரத்தக் கொதிப்புக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அந்த நிலையில் 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. வீடு தேடி மாத்திரை போனது. உருப்படியான வேலை. 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. ஆனால் வெயிலில் படியேறி, பிரஷர் பார்த்து, பாட்டியின் மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது. ஊக்கத்தொகை. மாதம் சில ஆயிரம். விருது வாங்கும்போது அவர் திட்டத்தின் முதுகெலும்பு. பணி நிரந்தரம் கேட்டால் அவர் வெறும் தன்னார்வலர்.

அந்தப் பெண் நடக்கும் தெருவைப் பாருங்கள். ரேஷன் கடையில் மலிவு விலையில் பாமாயில், சர்க்கரை. முனையில் டாஸ்மாக். நடுவில் மாத்திரைப் பையோடு அவர். மூன்றும் ஒரே முதலாளிக்கு வேலை செய்கின்றன. உப்பைக் குறைங்க, தண்ணியை விடுங்க என்று அவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டும் பெரியவர், வாழைக்காய் பஜ்ஜிக்கு ரேஷன் எண்ணெயைச் சுட வைக்கிறார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அரசு எதை மலிவாகத் தருகிறதோ அதைத்தானே ஏழை சாப்பிடுவான்.

துறைகளுக்குள் ஒருங்கிணைப்பு இல்லை என்று ஒவ்வொரு அறிக்கையும் புலம்புகிறது. அபாண்டம். பல அரசு ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளிச் சீட்டு மதியம் 12 மணியோடு சரி. டாஸ்மாக் ஷட்டர் ஏறுவது மதியம் 12 மணிக்கு. ஒரு நிமிடம் பிசகுவதில்லை.