பந்தல் பிரித்த பிறகும்

கேள்வி: வீடியோ கேமை வெளியிட்டதோடு வேலை முடிந்தது என்று இருக்கக்கூடாதா? எதற்கு அப்டேட் மேல் அப்டேட்?
– ஒரு வாசகி, கோத்ரூட், புனே

பதில்: கல்யாணம் முடிந்ததும் பந்தல்காரர் கிளம்பிவிடலாம், பெண்ணைப் பெற்றவர் அப்படி விட்டுவிட முடியுமா?

உதாரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய ‘ராஜி’ 2020-இல் வந்தது. அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடி அக்கா கிளம்பும் கதை. கோட்டை கொத்தளங்களின் அழகைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பலருக்கும் சண்டைப் பகுதி முழுத் திருப்தி தரவில்லை. அந்தச் சின்னக் குழு காதைப் பொத்திக்கொள்ளவில்லை. 2022-இல் மேம்படுத்திய பதிப்பு வந்தது. சண்டையை மெருகேற்றினார்கள், ராஜியை இந்தியிலும் பேசவைத்தார்கள்.

இங்கிலாந்தின் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ 2016-இல் வெளியாகி வசவு வாங்கிக் கட்டிக்கொண்டது. விடாமல் இலவச அப்டேட்களாகவே கொடுத்து, திட்டியவர்களையே ரசிகர்களாக்கியது.

எத்தனை பேரை வைத்துச் சோதித்தாலும், லட்சம் பேர் விளையாடும்போதுதான் சில ஓட்டைகள் தெரியும். போனின் மென்பொருள் மாறிய மறுநாள் காலை, நாற்பது மணி நேர ஆட்டம் திறக்காமல் நிற்கும்போது ஒரு பையனின் முகத்தைப் பாருங்கள். அவன் கொடுத்தது காசு மட்டுமல்ல, நம்பிக்கையும்தான். அதற்குப் பதில் சொல்லும் கடமை, விற்ற பிறகுதான் தொடங்குகிறது.