நமத்துப்போன ஸ்கிரிப்ட்

சிவகாசியில் குடியிருப்பவனுக்கு ஐப்பசி பிறக்குமுன்பே சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். "ஊர்லதானே இருக்கீக, சல்லிசா வாங்கிப் போடுங்க" என்று கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பட்டியல் வரும். குருவி வெடி, சங்குசக்கரம், சாட்டை. மறுநாள் திருத்தப் பட்டியல்.

கூட்டிக் கழிக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். பட்டியலைச் சுத்தம்செய்யும், ஆளுக்கு ஆள் தொகை போடும், தீபாவளிக்கு எத்தனை நாள் என்றும் சொல்லும். வீட்டில் என் மதிப்பு கூடிவிட்டதாக நானே தீர்மானித்து, எல்லாருக்கும் அனுப்பிவைத்தேன்.

பட்டாசை ரயிலில் கொண்டுபோகக் கூடாது. ஸ்கிரிப்டுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் போன இடமெல்லாம் நமத்துப்போனது. என் ஃபெடோரா லினக்ஸில் 'எஸ்எச்' என்று கூப்பிட்டாலும் பாஷ் ஷெல்தான் வந்து நிற்கும். சென்னை மருமகனின் உபுண்டுவில், 2006 முதலே, வருவது டாஷ். பாஷின் இரட்டைச் சதுர அடைப்பு அதற்குப் புரியாது. கோவை மச்சானின் மேக்கில் பாஷ் உண்டு, பழைய 3.2. அடுத்த பதிப்பின் உரிமம் ஜிபிஎல் மூன்றுக்கு மாறியதும் ஆப்பிள் அதோடு நிறுத்திக்கொண்டது. செட் கட்டளையில் 'ஐ' குறி போட்டால் லினக்ஸில் அது கோப்பை அப்படியே திருத்தும். மேக்கிலோ பழைய நகலுக்கு என்ன வால் ஒட்டுவது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம் கட்டளையையே வாலாக்கிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் பொதுவிதி இல்லாமலில்லை. ஷெல்லுக்கு 1992-லேயே போசிக்ஸ் தரம் வந்தாயிற்று, ஆனாலும் ஆளுக்கொரு வழக்கம். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரவு எட்டு முதல் பத்து வரை வெடிக்கலாம் என்றது. தமிழ்நாடு போய்க் கேட்டு, அதே இரண்டு மணி நேரத்தைக் காலை ஆறு–ஏழு, மாலை ஏழு–எட்டு என்று பிரித்துக்கொண்டதே, அந்த மாதிரிதான்.

ஆகவே போசிக்ஸில் இல்லாததையெல்லாம் வெட்டினேன். நாள் கணக்கிடும் டேட் கட்டளையின் 'டி' குறியும் அதில் இல்லை. அதையும் எடுக்கிறேனே என்று மனைவியிடம் புலம்பினேன்.

"தினசரி காலண்டர் அச்சடிக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு, தீபாவளி என்னைக்குன்னு கம்ப்யூட்டர்ட்ட கேக்கீகளாக்கும்?"

வெட்டிவிட்டேன். இப்போது எல்லா வீட்டிலும் ஓடுகிறது, ஒரே தொகை வருகிறது. நேற்று மச்சான் போன் செய்தார்.

"கணக்கு பைசா சுத்தம் மாப்ள. பணத்தைத் தீபாவளி கழிச்சுப் பாத்துக்கிடுவோம்."