நிறம் வெளுத்தால் விலை ஏறும்

போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சையில் செய்து, மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து, சிவப்பு நிறத்தைப் பறிகொடுத்த இனிப்பு ஒயினுக்கு டானி போர்ட் என்று பெயர். சாயம் வெளுத்ததற்காகக் கூடுதல் விலை கேட்கும் பண்டங்கள் உலகில் அதிகமில்லை.

ஒரு காலத்தில் போர்ட்டுக்கு நிறம்தான் எல்லாமாக இருந்தது. வெளிறிய ஒயினில் எல்டர்பெரிப் பழச்சாற்றைக் கலந்து கருஞ்சிவப்பாக்கி விற்ற வியாபாரிகள் இருந்தார்கள். பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்ட அமைச்சர் 1756-ல் போர்ட் விளையும் நிலத்துக்கு எல்லை வகுக்க ஏற்பாடு செய்தார். அந்த வட்டாரத்து எல்டர்பெரி மரங்களையும் வேரோடு பிடுங்க வைத்தார்.

செய்முறையில் முக்கியமான கட்டம் ஒன்றுதான். சாறு பாதி நொதித்திருக்கும்போதே, 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுகிறார்கள். 435 லிட்டருக்கு 115 லிட்டர் என்பது பழைய கணக்கு. அந்தப் போதையில் ஈஸ்ட் செத்துப்போகும். அது தின்னாமல் விட்ட சர்க்கரை ஒயினில் தங்கிவிடும். கிடைப்பது சுமார் 20 சதவீத ஆல்கஹால் உள்ள இனிப்பு. இப்படி ஊற்றுவது அடாது என்று ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்ற ஆங்கில வியாபாரி 1844-ல் சிறு பிரசுரம் எழுதி மல்லுக்கு நின்றார். ஊரே அவர்மேல் கோபப்பட்டது. ஊற்றுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

புது ஒயின் ஆற்றோடு இறங்கி, போர்ட்டோ நகருக்கு எதிர்க்கரையில் விலா நோவா டி காயாவின் கிடங்குகளுக்கு வந்து சேர்வது பழைய மரபு. டானிக்கு என்று ஒதுக்கியது சுமார் 550 லிட்டர் பிடிக்கும் பீப்பாய்களில் படுக்கும். மரத்தின் வழியே காற்று மெல்ல உள்ளே புகுந்து, சிவப்பைச் செங்கல் நிறமாக்கி, பிறகு தேன் நிறமாக்கும். அதே வழியில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகி வெளியேறும். இதற்குத் தேவதைகளின் பங்கு என்று பெயர். 20 வருடத்தில் இந்தத் தேவதைகள் பீப்பாயில் மூன்றில் ஒரு பங்கைக் காலி செய்துவிடுவார்கள். மிச்சத்தை வாங்குகிறவர் அவர்கள் குடித்ததற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

பாட்டிலில் 10, 20, 30, 40 என்பதுபோல் வயது போட்டிருக்கும். அதைக் கல்யாணத் தரகர் சொல்லும் வயதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. உள்ளே இருப்பது இளசும் பழசுமாகக் கலந்த கலவை. 20 என்று போடுவதற்கு, அது 20 வருட டானியின் குணத்தோடு இருக்கிறது என்று அரசுத் தரப்பின் சுவைக் குழு குடித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியும் ஒரு வேலை இருக்கிறது. அதற்குச் சம்பளமும் உண்டு. பிறந்த வருடத்தைப் பார்த்தே வாங்குவேன் என்பவர்களுக்குக் கொல்யெய்ட்டா இருக்கிறது. அது ஒரே வருட விளைச்சல். குறைந்தது 7 வருடம் மரத்தில் கிடந்தது.

குடிக்கும்போது லேசாகக் குளிர்ந்திருக்க வேண்டும். 12 முதல் 16 டிகிரி போதும். சின்னக் கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்து விளிம்பைப் பார்த்தால், மிகப் பழைய டானியில் மெல்லிய பச்சைச் சாயல் தெரியும். மூக்கருகே கொண்டுபோனால் வால்நட், உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், கருகத் தொடங்கிய சர்க்கரை என்று வரிசையாக வாசனைகள் எழும். இவற்றில் ஒன்றைக்கூட யாரும் பீப்பாயில் போடவில்லை என்பதுதான் வேடிக்கை. 10 வருடத்ததில் பழவாசனை இன்னும் துள்ளும். 40 வருடத்தது பாகாகத் திரண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில், நாக்கும் பர்ஸும் சமாதானமாகும் இடம் 20. வறுத்த பாதாமும் கேரமல் புட்டிங்கும் இதற்கு நல்ல துணை.

ஆங்கிலேயர் மேசையில் போர்ட் இடப்பக்கமாகவே கைமாற வேண்டும். தன்னிடமே வைத்துக்கொண்டு கதை பேசுகிறவரிடம், நார்விச் பிஷப்பைத் தெரியுமா என்று கேட்பார்கள். விஷயம் புரிந்தவர் உடனே பாட்டிலை நகர்த்துவார். தெரியாது என்பவருக்கு, அவர் நல்ல மனிதர்தான், பாட்டிலை மட்டும் நகர்த்த மாட்டார் என்று விளக்கம் கிடைக்கும்.

மீந்த டானியை ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். பீப்பாயிலேயே காற்றோடு பழகிவிட்ட ஒயின் இது. திறந்தாயிற்று, இனி கெட்டுவிடுமே என்று ஒரே இரவில் முழு பாட்டிலையும் தீர்ப்பவர்கள் உண்டு. அந்தச் சாக்கு, காற்றுப் படாமல் பாட்டிலிலேயே முதிரும் விண்டேஜ் போர்ட்டுக்கு மட்டுமே செல்லும்.