பூச்சட்டிக்கும் பார்க்கிங் உண்டு

2007இல் மலேசியாவின் காம்பாருக்குத் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் வந்தது. மாணவர்கள் வந்தார்கள், பின்னாலேயே மைவி கார்களும் வந்தன. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வரிசை வீட்டில் அறைக்கு ஒருவர் குடியேறினால், வாசலில் நிற்பது ஒரு காரா, இரண்டு காரா?

தங்கள் வாசலில் யாரும் காரை நிறுத்தாமல் தடுக்க அண்டை வீட்டாரின் ஆயுதம் பூச்சட்டி. அது இல்லாதவருக்குக் காலொடிந்த பிளாஸ்டிக் நாற்காலி, அல்லது சிமெண்டு நிரப்பிய பெயிண்ட் டின்.

சட்டம் இதை ரசிப்பதில்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆவது பிரிவுப்படி, பொது இடத்தை மறித்தால் முதல் தடவைக்கு 500 ரிங்கிட் வரை அபராதம். செம்பருத்திக்குச் சலுகை கிடையாது.

ஜப்பானில் 1962இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: நகரங்களில் நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்யலாம். இங்கே முதலில் காரை வாங்குவோம்; இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.