ஏழாவது மாநிலம் காட்டுபவர்

நியூயார்க்கில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போனால், சுரங்க ரயில் வரைபடத்தைக் கையில் திணித்து, "சாயங்காலம் பார்ப்போம்" என்று ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். டென்னசி மாநிலத்துச் சாட்டனூகாவில் அந்தப் பேச்சே கிடையாது. சுமார் 1,80,000 பேர் வாழும் ஊர். விருந்தாளி வருகிறார் என்றால் நண்பர் லீவு போடுவார், காரைக் கழுவுவார், பின்சீட்டில் கிடக்கும் தூண்டில் சாமான்களை வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பார். ஊர் மானம் முழுக்கத் தன் தலையில்தான் இருக்கிறது என்பது அவர் நினைப்பு.

வயது அறுபதுக்கு மேல். தலையில் தொப்பி, கையில் பாகு போலச் சர்க்கரை போட்ட ஐஸ் டீ. நிதானமாக இழுத்து இழுத்துத்தான் பேசுவார். ஊர்ப்பெருமை என்று வந்தால் மட்டும் நிறுத்த முடியாது. "அட்லாண்டா இரண்டு மணி நேரந்தான். ஆனால் அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுவார்.

வீட்டு வாசலைத் தாண்டுமுன்பே சரித்திரம் தொடங்கும். கோகோ கோலாவைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை 1899-இல் இந்த ஊர் வக்கீல்கள் இரண்டு பேர் ஒரு டாலருக்குப் பேசி வாங்கினார்கள். "அந்த ஒரு டாலரையும் கொடுக்கவில்லை என்றுதான் பேச்சு" என்பார், ஏதோ தானே மிச்சம்பிடித்த பூரிப்பில். பழுதான காரைத் தூக்கி இழுத்துப்போகும் லாரி 1916-இல் உருவானதும் இங்கேதான். அதற்கென்று ஒரு மியூசியம் உண்டு. நாம் தப்ப முடியாது. பழைய லாரிகள் மெருகு போட்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று கொக்கி, சங்கிலி, கப்பி என்று விளக்குவார்.

ஊரை உலகறியச் செய்தது 1941-இல் க்ளென் மில்லர் குழு வாசித்த 'சாட்டனூகா சூ சூ' என்ற ரயில் பாட்டு. ஊரின் பழைய ரயில் நிலையத்துக்கும் கூட்டிப்போவார். 1909-இல் திறந்த நிலையம், 1973-இல் ஹோட்டலாகிவிட்டது. நெடுந்தூரப் பயணிகள் ரயில் எதுவும் இப்போது ஊருக்கு வருவதில்லை. "பாட்டு இருக்கிறது, ரயில் எங்கே?" என்று கேட்டால் அசரமாட்டார். "ரயில் எல்லா ஊருக்கும்தான் வரும். பாட்டு வருமா?"

அடுத்தது லுக்அவுட் மலை. மலைக்குள் லிஃப்டில் இறங்கி, குகை வழியே குனிந்து நிமிர்ந்து நடந்தால் ரூபி அருவி. 145 அடி உயரத்திலிருந்து விழுகிறது. 1928-இல் கண்டுபிடித்த லியோ லாம்பர்ட், மனைவி பெயரையே அதற்கு வைத்தார். இந்த இடம் வரும்போது நண்பரின் மனைவி குறுக்கிடுவார்: "இவர் என் பெயரை மீன்பிடிப் படகுக்குக்கூட வைக்கவில்லை." நண்பருக்கு அப்போது பார்த்து டிக்கெட் வாங்கும் அவசரம் வந்துவிடும்.

மலைமேல் ராக் சிட்டி என்ற பாறைப் பூங்கா. இதைப் பார்க்க வாருங்கள் என்று 19 மாநிலங்களில் ஏறக்குறைய 900 களஞ்சியக் கூரைகளில் பெயிண்ட் அடித்து விளம்பரம் செய்தார்களாம். உண்மையில் அது எல்லை தாண்டி ஜார்ஜியாவில் இருக்கிறது. அதைச் சொன்னால் நண்பருக்குக் காது கேட்காது. அங்கே பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. அதன் பெயரே குண்டானவர்களை நசுக்கும் சந்து. நண்பர் தொப்பியைக் கழற்றி, மூச்சை உள்ளிழுத்து, பக்கவாட்டில் நுழைவார். ஐஸ் டீ வளர்த்த வயிறு நடுவில் முரண்டுபிடிக்கும். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காத்திருக்கும். வெளியே வந்ததும், "இந்தப் பாறை வருஷத்துக்கு வருஷம் நெருங்குகிறது" என்பார்.

கடைசியில் மலை விளிம்பு. ஏழு மாநிலங்கள் தெரியும் என்று ஏழு கொடி நட்டிருக்கிறார்கள். டென்னசி, ஜார்ஜியா, அலபாமா வரை கண்ணுக்குச் சிக்கல் இல்லை. மற்றவை நண்பரின் விரல் நுனியில்தான் இருக்கின்றன. "அதோ அந்த மேகத்துக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் இடதுபுறம்... வர்ஜீனியா!"

இவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் மாலையில் ஆற்றின் மேலுள்ள வால்நட் தெருப் பாலத்தில் நடக்கும்போது ஒன்று சொல்வார். 1969-இல் அமெரிக்காவிலேயே காற்று மிகவும் அழுக்கான நகரம் என்று அரசாங்கமே பெயர் சூட்டிய ஊர் இது. ஆலைப்புகையில் பட்டப்பகலில் காரின் விளக்கைப் போட்டுக்கொண்டு அப்பா ஓட்டியது அவருக்கு நினைவிருக்கிறது. இந்த 1891-ஆம் வருஷத்துப் பாலத்தையும் 1978-இல் மூடி, இடித்துவிடத்தான் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை, 1993-இல் நடப்பவர்களுக்கென்றே திறக்கவைத்தார்கள். முந்திய வருஷம் ஆற்றங்கரையில் பெரிய மீன் காட்சியகமும் வந்துவிட்டது. மலை மட்டுமா, எதிர்க்கரையே தெரியாமலிருந்த ஊரில் வளர்ந்தவர் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டுவார்.

ஆகவே அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலை விளிம்பில் நிறுத்தி, "ஏழும் தெரிகிறதா?" என்று கேட்பார். தெரிகிறது என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாளும் லீவு போட்டுவிடுவார்.